லைன் அக்காவின் பெயரில்

அந்தத் தோல் தொழிற்சாலையில் காலையில் முதலில் வருகிறவர்தான் இன்டர்நெட் லைனைப் போட வேண்டும். இப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. டெலிபோன் ஒயரை மோடத்தில் சொருகி, அது கீச்சிட்டுக் கரகரத்து அடங்கும்வரை காத்திருந்து, கிடைக்காவிட்டால் மறுபடி முயன்று, கிடைத்ததும் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டி உள்ளே போக வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஆம்பூரில் நல்ல நாளிலேயே லைன் இரண்டு மூன்று தடவை அறுந்து போகும். மழை நாளில் கேட்கவே வேண்டாம்.

முதலில் வருகிறவர் எப்போதும் ஒருவர்தான். விரிஞ்சிபுரத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் வருவார். அதை விட்டால் அடுத்த வண்டி ஷிப்ட் தொடங்கிய பிறகுதான் ஆம்பூர் வந்து சேரும் என்பதால், கேட் திறக்கும்போதே அவர் வெளியில் நின்றுகொண்டிருப்பார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அப்பா மிஷன் பள்ளி ஆசிரியராக இருந்தவர், தங்கை வேலூரில் நர்ஸ். இவர் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். பினிஷிங் முடிந்து வரும் தோலை மேஜையில் விரித்து, நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் துணியில் ஏறுகிறதா என்று பார்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. தொழிற்சாலை முழுக்க அவருக்கு லைன் அக்கா என்றுதான் பெயர். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த லைனின் மறுமுனைக்கு ஒரு வகையில் நான் ஆள். வேலூரில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, அந்த வேலை வயிற்றுக்கு ஒத்துவராமல், சத்துவாச்சாரியில் பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இயங்கிய ஒரு சிறிய சாப்ட்வேர் நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். கையேடுகள், கடிதங்கள், அறிக்கைகள் எழுதுவது என் பொறுப்பு. வாடிக்கையாளர்களைப் போய்ப் பார்த்து, எது வேலை செய்யவில்லை என்று கேட்டு வருவதும் என் தலையில்தான் விழுந்தது. நிறுவனத்தை நடத்தியவர் முன்னாள் கல்லூரி விரிவுரையாளர். நாங்கள் அவரை சார் என்போம். நிரல்களில் பெரும்பகுதியை எழுதியவர் குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண். அவரை மேடம் என்றழைத்தால் சிரிப்பார். ஆனாலும் அப்படித்தான் அழைத்தோம்.

எங்கள் சாப்ட்வேர் தோலை லாட் லாட்டாகப் பின்தொடரும். எந்த லாட் எந்தப் பிரிவில் இருக்கிறது, யார் பார்த்தார், யார் பாஸ் போட்டார் என்பதெல்லாம் அமெரிக்காவில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சர்வரில் போய்ச் சேரும். வெளிநாட்டில் ஷூ தைக்கும் கம்பெனிக்காரர் தன் ஊரிலிருந்தே அதைத் திறந்து பார்க்கலாம். கிளவுட் என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. தொழிற்சாலையில் "மேல போச்சா?" என்று கேட்பார்கள். "இன்னும் மேல போகல" என்று பதில் வரும். சார் அச்சடித்த விளம்பரத் தாளில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஒவ்வொரு தோலுக்குப் பின்னாலும் ஒரு பெயர். அந்த வரிக்காகத்தான் ஆம்பூர்க்காரர்கள் வாங்கினார்கள். தோலை வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்குப் பெயர் வேண்டியிருந்தது.

முதலில் அந்த சாப்ட்வேரில் ஓர் ஏற்பாடு இருந்தது. சிறிது நேரம் யாரும் கீபோர்டைத் தொடாவிட்டால் அது தானாக ஆளை வெளியே தள்ளிவிடும். மறுபடி பெயர், பாஸ்வேர்டு போட வேண்டும். சில வாரங்களில் தொழிற்சாலையின் சின்ன முதலாளி போன் செய்தார். பெரியவர் மெக்காவுக்குப் போய் வந்த பிறகு நிர்வாகத்தை ஏற்றிருந்த மகன் அவர்.

"இன்னா சார் இது? ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள தொரத்தி உட்டுடுது. திரும்ப உள்ள போறதுக்குள்ள லைன் போயிடுது. ரொம்ப பேஜாரா கீது உங்க சாப்ட்வேர்."

சார் மேடத்திடம் சொன்னார். மேடம் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார். நிரலில் அந்த இடத்தில், வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். எங்கள் அலுவலகத்தில் அப்படிக் குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர் அவர் ஒருவர்தான்.

அதன் பிறகு காலையில் லைன் அக்கா தன் பெயரில் திறந்த திரை மாலைவரை திறந்தே இருந்தது.

*

ஒரு கறுப்பு லாட் திரும்பி வந்தது. தோல் திரும்பவில்லை, புகார் வந்தது. அந்தத் தோலில் தைத்த ஷூவைப் போட்டவர்களின் வெள்ளை சாக்ஸ் கறுப்பாகிவிட்டதாம். ஈரத்துணிச் சோதனையைச் செய்திருந்தால் அந்த லாட் தொழிற்சாலையைத் தாண்டியிருக்காது. பையரின் ஆள் தன் மேஜையிலிருந்தே திரையைத் திறந்து பார்த்திருக்கிறார். பாஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் லைன் அக்காவின் பெயர் இருந்தது. போட்ட நேரம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பொறுப்பானவர் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டு அவர் கடிதம் அனுப்பினார். அடுத்த ஆர்டர் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் என்பது லைன் அக்காவுக்கு எதிராக இன்னும் வலுவாக நின்றது. ஜும்மா தொழுகைக்கு அலுவலகமே காலியாகிவிடும். தொழாதவர்கள்தான் மீதி இருப்பார்கள். மீதி இருந்தவர்களில் பாஸ்வேர்டு வைத்திருந்தவர் இவர் ஒருவர்.

சின்ன முதலாளி சாரிடம் போனில் கேட்டது எளிமையானது. பாஸ் போட்டது அந்தப் பெண்தான் என்று சாப்ட்வேர் கம்பெனி ஒரு அறிக்கை தர வேண்டும். அதை வைத்து அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டதாக பையருக்கு எழுதிவிடலாம். சென்னையிலிருந்து பையரின் ஏஜென்ட் நேரில் வருகிறார், அதற்குள் வேண்டும்.

அறிக்கை எழுத வேண்டியவன் நான். "மேல இருக்கறத அப்படியே எழுதுங்க, வேற ஒண்ணும் வேணாம்" என்றார் சார்.

மேலே இருப்பதை எழுத ஒரு வரி போதும். நான் எழுதவில்லை. நாற்காலியில் உட்கார முடியவில்லை. பல் ஆஸ்பத்திரி மாடிப்படியில் இறங்கிப் போய் டீ குடித்தேன். திரும்பி வந்து திரையைத் திறந்தேன். ஆம்பூரில் அன்று நடந்துகொண்டிருந்த வேலை வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தது. பாஸ், பாஸ், நிறுத்திவை, பாஸ். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரே பெயர். எஃப்5 பொத்தானை அழுத்தினால் புது வரி வரும். அழுத்திக்கொண்டே இருந்தேன். செய்தி அறையில் டெலிபிரின்டர் பக்கத்தில் நிற்கும்போதும் எனக்கு இதே தொல்லை உண்டு.

மறுநாள் காட்பாடியில் பாசஞ்சர் பிடித்தேன். இடம் இருந்தும் கதவருகே நின்றேன். விரிஞ்சிபுரத்தில் அவர் பெண்கள் பெட்டியில் ஏறுவதைப் பார்த்தேன். ஆம்பூரில் இறங்கி, கொஞ்சம் பின்னால் நடந்தே தொழிற்சாலைக்குப் போனேன்.

செலக்‌ஷன் ஷெட், தோல் தரம் பார்க்கும் இடம். அதன் ஓரத்தில் கண்ணாடி அறை. அதற்குள் கம்ப்யூட்டர். அவர் பையை மாட்டிவிட்டு நேராக லைன் போடப் போனார். புகார் வந்து ஊர் முழுக்கப் பேசப்பட்ட பிறகும் அன்றைக்கும் அவர்தான் போட்டார். வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

ஷிப்ட் தொடங்கியதும் மேஜைகளிலிருந்து குரல்கள் வந்தன.

"அக்கா, லைன் வந்துச்சா?"

"வந்துச்சு, வா."

ஒரு ஆள் உள்ளே வந்து இரண்டு லாட்டுக்குப் பாஸ் போட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் இன்னொருவர். மூன்றாவதாக வந்தவர் பினிஷிங் மேஸ்திரி. திரையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பேப்பர்கார சார், எங்க கம்பெனில ஜாஸ்தி வேல செய்யறது லைன் அக்காதான். நாங்கல்லாம் சும்மா. மேல கேட்டுப் பாருங்க."

சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார், துணியை நனைத்துக்கொண்டே. "சம்பளத்தையும் என் பேர்லயே போடச் சொல்லு" என்றார்.

மேஸ்திரி போன பிறகு நான் கேட்டேன். "அந்த லாட்ட நீங்க பார்த்தீங்களா?"

"என் மேஜைக்கே வரல சார். வந்திருந்தா துணில தெரிஞ்சிருக்கும். கன்டெய்னர் கிளம்பணும்னு அவசரமா எடுத்துக்கினு போனாங்க. நான் சாப்பாட்டுக்குக் கேண்டீன் போய்ட்டேன்."

"முதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். பாஸ்வேர்டு உன்னோடதுதானேன்னாரு. என்னோடதுதான். இல்லன்னு எப்படிச் சொல்றது?"

கொஞ்ச நேரம் தேய்த்தார். துணியைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"வேல போனா போகட்டும் சார். ஆனா ராணிப்பேட்ட, வாணியம்பாடி எங்க போய்க் கேட்டாலும் 'அந்தக் கறுப்பு லாட்டுக்குப் பாஸ் போட்ட பொண்ணா?'ன்னு கேப்பாங்க. ஏஜென்ட்டுங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தோஸ்த். அப்புறம் யாரு என்கிட்ட துணியக் குடுப்பாங்க?"

பிரச்சினை அதுதான். தோல் பார்க்கிறவருக்கு அந்த வட்டாரத்தில் சான்றிதழ் கிடையாது. பெயர்தான்.

*

திரும்பி வந்து எழுதிய அறிக்கையில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. இந்தப் பதிவு, காலையிலிருந்து இவர் பெயரில் திறந்திருந்த திரையிலிருந்து செய்யப்பட்டது. அந்த நேரத்தில் திரைக்கு முன்னால் இருந்தவர் யார் என்பதை எங்கள் சாப்ட்வேரால் சொல்ல இயலாது.

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். "இன்னாங்க இது? ஒவ்வொரு தோலுக்குப் பின்னாலும் ஒரு பெயர்னு நாமளே அச்சடிச்சிட்டு, பெயர் இருக்கு ஆனா ஆள் யாருன்னு தெரியாதுன்னு நாமளே எழுதித் தர்றதா? இத வாணியம்பாடில ஒருத்தர் படிச்சா அடுத்த மாசம் நமக்கு வாடகை குடுக்க வழி இல்ல."

"சார், பேப்பர்ல ஒருத்தன் திருடினான்னு எழுத மாட்டோம். திருடியதாகப் போலீசார் தெரிவித்தனர்னுதான் எழுதுவோம். மேல இருக்கறது போலீஸ் சொல்றது மாதிரிதான்."

"இது பேப்பர் இல்லையே."

குடியாத்தம் மேடம் தன் இடத்திலிருந்து திரும்பாமலே சொன்னார்: "ஆளத் தொரத்தற ஏற்பாட்ட எடுத்தது நாமதான் சார். நான் குறிப்பு எழுதி வச்சிருக்கேன்."

"யார் கேட்டாங்கன்னும் எழுதி வச்சிருக்கீங்கல்ல?"

"எழுதியிருக்கேன். யார் சரின்னு சொன்னாங்கன்னும் எழுதியிருக்கேன்."

சார் அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். கொடுக்கப்போகிறாரா இல்லையா என்பதை அவர் முகத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியவில்லை.

*

ஏஜென்ட் வந்த நாளில் சாருடன் நானும் போனேன். சின்ன முதலாளியின் அறை முதல் மாடியில். கீழேயிருக்கும் லைனைப் பிரித்து அந்த அறையிலும் ஒரு கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்திருந்தோம். ஏஜென்ட் டை கட்டியிருந்தார். சாயம் போன ஒரு ஷூவை மேஜைமேல் வைத்தார். அதைப் பார்க்காமல் இருக்க எல்லோரும் முயன்றுகொண்டிருந்தோம்.

லைன் அக்காவைக் கீழேயிருந்து கூப்பிட்டார்கள். வந்து, உட்காரச் சொன்ன பிறகு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஈரத்துணி கையிலேயே இருந்தது. கீழே வைத்துவிட்டு வர மறந்திருக்கிறார்.

"ஏம்மா" என்றார் சின்ன முதலாளி. அவர் குரல் கடுமையாக இல்லை. அவருக்கு அந்த இடத்தில் இருக்கப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. "அன்னிக்கு ஜும்மா நேரம். யாரும் இல்ல. மேல உன் பேரு கீது. நான் இன்னா செய்யட்டும்?"

"நான் போடல சார்."

"நீ போடலன்னா அது எப்படி வரும்?"

"எல்லாரும் என் பேர்லதான் சார் போடுவாங்க."

ஏஜென்ட் சாரைப் பார்த்தார். "இஸ் இட் பாஸிபிள்? இன்னொருத்தர் பேர்ல போட முடியுமா? உங்க சிஸ்டம் செக்யூர்னுதானே சொன்னீங்க?"

சாரின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு கீழே இறங்கிவிட்டது.

"சிஸ்டம் பக்கா சார்" என்றார் அவர். "யார் எப்போ என்ன செஞ்சாங்கன்னு அந்த நிமிஷமே மேல போயிடும். நீங்களே பாருங்க." கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, தன் பெயரில் உள்ளே போனார். விற்பனைக்குப் போகும் இடங்களில் எல்லாம் அவர் செய்து காட்டுவது அது. "இப்ப கீழ நடக்கறது இங்க தெரியும். லைவ்." எஃப்5 பொத்தானை அழுத்தினார்.

புது வரி வந்தது. ஒரு பழுப்பு லாட். பாஸ். அந்த நிமிடத்து நேரம். பக்கத்தில், எங்களுக்கு எதிரே ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தவரின் பெயர்.

சாருக்கு உடனே புரியவில்லை. பழக்கத்தில் இன்னொரு தடவை அழுத்தினார். இன்னொரு வரி வந்தது. அதே பெயர்.

ஏஜென்ட் திரையைப் பார்த்தார். லைன் அக்காவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "இவங்க இங்க உக்காந்துருக்காங்க" என்றார், தனக்கே சொல்வதுபோல.

  லைன் அக்கா எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். "அது பினிஷிங் மேஸ்திரி சார்" என்றார். "பழுப்பு அவரோடது." மேஸ்திரியைக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்று பட்டிருக்க வேண்டும். "நல்ல லாட்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

அப்போது சார் சட்டைப்பையிலிருந்து அறிக்கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். இனி அதை வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான். ஏஜென்ட் படித்தார். படித்துவிட்டு அந்த அறையில் யாராவது கேட்க வேண்டியிருந்த கேள்வியைக் கேட்டார்:

"அப்போ அன்னிக்குப் போட்டது யாரு?"

சின்ன முதலாளி மணியை அடித்தார். டீ கொண்டுவரச் சொன்னார்.

டீ வந்தது. பிஸ்கட்டும் வந்தது. ஏஜென்ட்டுக்குச் சாயங்காலம் சென்னைக்கு ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த கன்டெய்னரைப் பற்றிப் பேச்சு திரும்பியது. அதில் எப்படியோ ஒரு சொல் வந்து விழுந்தது. முதலில் சொன்னது யார் என்று நான் கவனிக்கத் தவறிவிட்டேன். சிஸ்டம் மிஸ்டேக். அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. பையருக்கு எழுத வேண்டிய கடிதத்தில் சிஸ்டம் மிஸ்டேக் என்றும், சாப்ட்வேர் கம்பெனி அதைச் சரிசெய்து வருகிறது என்றும் எழுதுவதாக முடிவாயிற்று.

சாருக்கு முகம் சிவந்தது. "சிஸ்டம் தப்பு செய்யலயே சார். என்ன சொன்னாங்களோ அததான் செஞ்சுது."

"உடுங்க சார்" என்றார் சின்ன முதலாளி. "சிஸ்டத்துக்கு இன்னா, வேலையா போய்டப் போகுது? உங்க கான்ட்ராக்ட் அப்படியேதான் இருக்கும். இன்ஷா அல்லா, அடுத்த வருஷம் இன்னொரு யூனிட்டுக்கும் போடலாம்."

சார் டீயைக் குடித்தார். லைன் அக்காவை யாரும் போகச் சொல்லவில்லை. நின்றுகொண்டிருந்தவர் தானாகவே கீழே போனார்.

*

அவருக்கு வேலை போகவில்லை. விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். ஒரு வாரம் கழித்து எங்கள் அலுவலகத்துக்கு அவர் போன் செய்தார். தொழிற்சாலை போனில் அல்ல, ஸ்டேஷன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து.

"சார், மேல என் பேரு இன்னும் அப்படியே இருக்கே. இன்னிக்கும் பார்த்தேன். கறுப்பு லாட், பாஸ், என் பேரு."

"லெட்டர்ல எழுதிட்டாங்களேம்மா, உங்க தப்பு இல்லன்னு."

"சிஸ்டம் மிஸ்டேக்னு எழுதினாங்க. அப்ப சிஸ்டத்துல திருத்தணுமில்ல? லெட்டர யாரு பாப்பாங்க? மேல இருக்கறத எல்லாரும் பாப்பாங்க."

சாரிடம் சொன்னேன். முடியவே முடியாது என்றார். இந்தத் தடவை அவர் பக்கத்தில் நியாயமும் இருந்தது. ஒருமுறை மேலே போன பதிவை யாரும் அழிக்கவோ மாற்றவோ கூடாது, நாங்களே ஆனாலும். ஒருவருக்காக ஒன்றை மாற்றினால் நாளைக்கு முதலாளிகள் ஆளுக்கொன்றை மாற்றச் சொல்வார்கள். குடியாத்தம் மேடமும் அதையே சொன்னார். பொய்யாக ஏறிய பதிவையும் அந்த நல்ல விதி பத்திரமாகக் காத்துவந்தது.

இரண்டு நாள் இது என்னை அரித்தது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதே யோசனை. பிறகு, இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்று பட்டது. அச்சாகி ஊர் போய்ச் சேர்ந்த பேப்பரையும் யாரும் திரும்ப வாங்கி அழிப்பதில்லை. மறுநாள் திருத்தம் போடுகிறோம். பழைய வரி அப்படியே இருக்கட்டும். அதைத் திறக்கிறவர் கண்ணில் படுகிற மாதிரி, அதற்கு நேர் கீழே இன்னொரு வரி ஏற முடியுமா?

மேடம் யோசித்தார். "அழிக்காம சேக்கறதுதானே? தப்பில்ல. ஆனா இடம் கம்மி. பெரிய கட்டுரையெல்லாம் எழுதாதீங்க."

சாரைச் சம்மதிக்க வைத்தது நான் இல்லை. "இதையும் நம்ம விளம்பரத்துல போடலாம் சார். திருத்தம் வேற எந்த சாப்ட்வேர்லயும் கிடையாது" என்று மேடம் சொன்னதும் அவர் தலையாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து லைன் அக்கா சத்துவாச்சாரிக்கு நேராக வந்தார். போனில் படித்துக் காட்டுகிறேன் என்று சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பைபிளை மடியில் வைத்துக்கொண்டு மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் இருந்தது ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: இந்த லாட்டுக்கு மேற்கண்ட பெயருக்குரியவர் பாஸ் போடவில்லை. போட்டவர் யார் என்று விசாரிக்கப்படவில்லை.

சார் பின்னால் நின்று படித்தார். "விசாரிக்கப்படவில்லை எதுக்கு? யார் என்று தெரியவில்லைன்னு போட்டுட்டுப் போங்களேன். சண்ட வராது."

"தெரியுமா தெரியாதான்னு நமக்குத் தெரியாது சார். கேக்கலங்கறதுதான் நமக்குத் தெரியும். நானும் நீங்களும் அங்கதானே இருந்தோம்?" என்றேன்.

சார் லைன் அக்காவைப் பார்த்தார், அவர் ஏதாவது சொல்லி இதை முடித்துவைப்பார் என்பதுபோல. அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கு ஜும்மாவுக்கு எல்லாரும் போய்ட்டாங்க" என்றார் பிறகு. "ஒரு கார் மட்டும் லேட்டா கிளம்புச்சு. கேண்டீன் ஜன்னல்ல தெரியும். நான் யாரையும் சொல்லல சார். கார் கிளம்புச்சுன்னு சொல்றேன்."

அந்தத் தொழிற்சாலைக்குக் காரில் வந்துபோனவர் ஒருவர்தான். சார்  "ஏத்துங்க" என்று மேடத்திடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். மேடம் பொத்தானை அழுத்தினார். வரி மேலே போயிற்று.

*

ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்று புது ஏற்பாடு செய்தோம். ஆளை வெளியே தள்ளும் ஏற்பாட்டை மீண்டும் சேர்த்தோம். இரண்டாவது வாரமே சின்ன முதலாளி போன் செய்து பேஜார் என்றார். சார் அதை மறுபடி எடுக்கச் சொன்னார். மேடம் இன்னொரு குறிப்பு எழுதினார்.

லைன் அக்கா காலையில் லைன் போடுவார். ஆனால் தன் பெயரில் உள்ளே போவதில்லை. தன் லாட் வரும்போது போய்ப் போட்டுவிட்டு உடனே வெளியே வந்துவிடுவார். நான் சத்துவாச்சாரியில் உட்கார்ந்து எஃப்5 அழுத்தும்போது சில நாட்கள் விதவிதமான பெயர்கள் வந்தன. பிறகு அவை குறைந்தன. பிறகு ஒரே பெயர் வர ஆரம்பித்தது. இந்தத் தடவை அது வேறு பெயர். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டுமென்று சீக்கிரம் வந்து சீக்கிரம் கிளம்புகிறவர். காலையில் முதலில் உள்ளே போவது அவர்தானாம். காலையில் பாஸ், மதியம் பாஸ், அவர் வீட்டுக்குப் போன பிறகும் பாஸ்.

ஆம்பூருக்குப் போன் செய்தேன். நல்ல வேளையாக லைன் அக்காவே எடுத்தார்.

"நான் சொன்னேன் சார். அந்தப் பொண்ணுகிட்டயும் சொன்னேன், மத்தவங்ககிட்டயும் சொன்னேன். 'அக்கா, நேரமாகுது, கன்டெய்னர் நிக்குது'ன்றாங்க. நீ உன் பேர மட்டும் பாத்துக்கோன்றாங்க."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை நான் பாத்துக்கறேன்" என்றார்.

எப்படி என்று கேட்பதற்குள் லைன் போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை முழுக்க நான் திரையைவிட்டு எழவில்லை. காலையிலிருந்து வரிகள் ஓடின. எல்லாம் புதுப் பெண்ணின் பெயரில். சத்துவாச்சாரி மசூதியில் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் அவை நின்றன. எஃப்5 அழுத்தினேன். ஒன்றுமில்லை. டீ குடித்துவிட்டு வந்தும் ஒன்றுமில்லை. எங்கள் சர்வர்தான் விழுந்துவிட்டதோ என்று மேடத்திடம் கேட்டேன். அவர் வேறொரு தொழிற்சாலையின் திரையைத் திறந்து காட்டினார். அங்கே வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஆம்பூரிலிருந்து வரிகள் மறுபடி வர ஆரம்பித்தன. முதல் வரி லைன் அக்காவின் பெயரில். ஒரு லாட், நிறுத்திவை.

அடுத்த முறை போனபோது மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழமை ஆனா லைன் அக்கா டெலிபோன் ஒயரப் புடுங்கி டிபன் பாக்ஸோட பையில போட்டுக்கினு கேண்டீன் போய்டுது சார். சாப்ட்டு வந்துதான் திரும்ப மாட்டுது. முதலாளியே கேட்டுட்டாரு, ஒயரு எங்கன்னு."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"சிஸ்டம் மிஸ்டேக்னுச்சு."